இரண்டு தட்டு கூடுதலாக வைக்கிற பெண்

கேள்வி: வணக்கம். பென்னாகரம் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்காக ஒரு மாயாஜால நாவல் எழுதியிருக்கிறேன். 22 அத்தியாயம். ஒரே குடும்பத்தில் ஐந்து பிள்ளைகள். மூத்தவன் பறப்பான், அடுத்தவள் கண்ணுக்குத் தெரியாமல் மறைவாள், ஒருவனுக்கு நாளை நடப்பது இன்றே தெரியும், ஒருத்தி விலங்குகளோடு பேசுவாள், கடைக்குட்டிக்கு மட்டும் பெரிதாக ஒன்றும் இல்லை. அவர்களுடைய பாட்டி ஒரு ரகசியத்தை மறைத்து வைத்திருக்கிறாள். அது கடைசி அத்தியாயத்தில் உடைகிறது. கதை நடப்பது பனி பெய்யும் ஒரு மலைநாட்டில், பழைய கோட்டையில். வகுப்பில் படித்துக் காட்டினேன். முதல் இரண்டு நாள் ஆர்வமாகக் கேட்டார்கள். அப்புறம் ஒவ்வொருத்தராக ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்கள். எங்கே தப்பு?

இன்னொன்று. பாட்டியின் ரகசியம் முழுக்கக் கற்பனை இல்லை. எனக்கும் என் அக்காவுக்கும் நடுவில், 1980களில், எங்கள் வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தார்கள். பிறந்த சில நாளில் இல்லாமல் போனார்கள். எப்படி என்று யாரும் பேசியதில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். அம்மா இருக்கிறார். என் பிள்ளைகளை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். இதைப் பிள்ளைகள் படிக்கும் நாவலில் எழுதலாமா? பெயர் வேண்டாம்.

பதில்: அன்புள்ள டீச்சருக்கு,

கடிதத்தோடு வந்த பிரதியை முழுக்கப் படித்தேன். நேராக நாலாம் அத்தியாயத்துக்கு வருகிறேன்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தட்டு எடுத்து வைக்கச் சொல்கிறார்கள். கடைக்குட்டி வைக்கிறாள். வீட்டில் ஒன்பது பேர், பதினொரு தட்டு இருக்கிறது. "இவளுக்கு எண்ணவே வராது" என்று அண்ணன்மார் சிரிக்கிறார்கள். பாட்டி மட்டும் சாப்பிடாமல் எழுந்து போய்விடுகிறாள். அவ்வளவுதான். அடுத்த பக்கத்தில் மூத்தவனைக் கோட்டை மதிலிலிருந்து பறக்க விட்டுவிட்டீர்கள். அதற்குப் பிறகு 18 அத்தியாயங்களில் அந்தத் தட்டுகள் திரும்ப வரவே இல்லை. உங்கள் பிள்ளைகள் ஜன்னல் பக்கம் திரும்பியது அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். உங்களுடைய நாவல் அந்த இரண்டு தட்டில் இருக்கிறது. கடைக்குட்டிக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஐந்து பேரில் அவள் ஒருத்திக்குத்தான் ஏதோ இருக்கிறது.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், மற்ற சக்திகளுக்கும் பாட்டியின் ரகசியத்துக்கும் சம்பந்தமே இல்லை. மூத்தவன் பறக்காவிட்டாலும் பாட்டி மறைப்பதை மறைத்துக்கொண்டேதான் இருப்பாள். விலங்குகளோடு பேசுகிறவள் ஒரு நரியிடம் வழி கேட்கிறாள், நரி சொல்கிறது, எல்லோரும் தப்பித்துவிடுகிறார்கள். நாளை நடப்பது தெரிந்தவனோ கதைக்கே எதிரி. அவனிடம் ஒரு வார்த்தை கேட்டால் பத்து அத்தியாயம் மிச்சம் என்பதால், முக்கியமான நேரத்திலெல்லாம் அவனுக்குக் காய்ச்சல் வரவைத்திருக்கிறீர்கள். மூன்று முறை வருகிறது. சக்தி ஒரு பக்கம் போகிறது, ரகசியம் ஒரு பக்கம் கிடக்கிறது. விநோத சக்தியுள்ள பிள்ளைகளை வைத்து எழுதி என்னிடம் வருகிற பிரதிகளில் பெரும்பாலானவை விழுகிற இடமும் இதுதான்.

இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். வீட்டில் பெரியவர்கள் எதை மூடி வைத்தார்களோ, அது பிள்ளையிடம் சக்தியாக வெளியே வர வேண்டும்.

இதற்கு உதாரணம் தேடி எங்கும் போக வேண்டாம். உங்கள் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைக்கும்போது ராத்திரி கூத்து பார்த்திருப்பீர்கள். கர்ணன் கதையை ஒரு தடவை நாவல் எழுதுகிறவரின் கண்ணோடு யோசித்துப் பாருங்கள். கல்யாணமாகாத ஒரு சின்னப் பெண்ணுக்கு முனிவர் ஒரு வரம் கொடுக்கிறார். விளையாட்டாகச் சோதித்துப் பார்க்கிறாள். குழந்தை பிறக்கிறது. பயந்துபோய்ப் பெட்டியில் வைத்து ஆற்றில் விடுகிறாள். அந்தக் குழந்தை கவச குண்டலத்தோடு பிறந்தது. அவனை யாரும் கொல்ல முடியாமல் காப்பது அதுதான், அவன் யார் பிள்ளை என்று காட்டிக்கொடுப்பதும் அதுதான். ஆயுதப் பயிற்சி முடித்த ராஜகுமாரர்களின் அரங்கேற்றத்துக்கு அவன் வந்து நிற்கும்போது குந்தி மயங்கி விழுகிறாளே, மற்றவர்களுக்குத் தெரிவது வீரன், அவளுக்குத் தெரிவது தன் பிள்ளை. சக்தியும் ரகசியமும் ஒரே உடம்பில், பிரிக்க முடியாமல் இருக்கின்றன. பிரிக்க வேண்டுமென்றால் இந்திரன் வந்து கேட்டு, அவனே அறுத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

கூத்திலிருந்து இன்னொன்றும் எடுத்துக்கொள்ளலாம். திடலில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் அத்தனை பேருக்கும் கர்ணன் யார் மகன் என்று தெரியும். மடியில் தூங்கி வழிகிற பிள்ளைக்கும் தெரியும். தெரிந்தும் விடியற்காலை வரை உட்கார்ந்து கர்ண மோட்சம் பார்க்கிறார்கள், அழுகிறார்கள். ரகசியம் என்ன என்பதற்காக யாரும் விழித்திருப்பதில்லை. அவனுக்கு எப்போது தெரியவரும், தெரிந்தபின் அந்த அம்மாவிடம் என்ன பேசுவான் என்பதற்காகத்தான் விழித்திருக்கிறார்கள். நீங்கள் ரகசியத்தை 22-ஆம் அத்தியாயம் வரை பூட்டி வைத்திருக்கிறீர்கள். அதைப் பாதியிலேயே வாசகரிடம் கொடுத்துவிடுங்கள். மீதிப் பாதிக்கு வேலை இருக்கிறது. தெரிந்த பிள்ளையும் தெரியும் என்று தெரியாத பாட்டியும் ஒரே அடுப்படியில் உட்கார்ந்திருப்பதை எழுதினால் போதும்.

அதியமான் நெல்லிக்கனி கதையை வகுப்பில் நடத்தியிருப்பீர்கள். உங்கள் மாவட்டத்துக் கதை. அந்தக் கனியின் மகிமையை வெளியே சொல்லாமல் மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டு கொடுத்தான் என்று ஔவையார் பாடுகிறார், புறநானூற்றில் 91-ஆம் பாட்டு. சாவைத் தள்ளிப்போடுகிற ஒரு பொருள், அதைப் பற்றி வாய் திறக்காத ஒரு மனிதன். வள்ளல் தன்மைக்கு உதாரணம் என்று மதிப்பெண் வாங்கப் படித்துவிட்டு இதை மறந்துவிடுகிறோம். எனக்கு அது ஒரு நல்ல மாயக்கதையின் முதல் அத்தியாயம் மாதிரிதான் எப்போதும் தெரியும்.

சரி, தட்டுக்கு வருவோம்.

முதலில் அவளைக் கோட்டையிலிருந்து கீழே இறக்குங்கள். பனி பெய்வதை உங்கள் பிள்ளைகள் பார்த்ததில்லை. பிரதியைப் படித்தால் நீங்களும் பார்த்ததில்லை என்று தெரிகிறது. "வெண்பஞ்சு போல்" என்று எட்டு இடத்தில் வருகிறது. "எங்கள் ஊரில் எழுத என்ன இருக்கிறது" என்று கோட்டைக்குப் போயிருப்பீர்கள். களி கிண்டி உருண்டை பிடிக்கிற வீடு என்று வையுங்கள். ஆளுக்கு இத்தனை என்று மாவு அளந்து போடுகிற வீட்டில் ஒரு பெண் தினமும் இரண்டு உருண்டை கூடுதலாகப் பிடித்தால் அதற்கு ஒரு விலை இருக்கிறது. திட்டு விழும், ஒரு நாள் அடியும் விழும், யாரோ ஒருவருக்கு அரை வயிறு ஆகும். பறக்கிறவனுக்கு இப்படி ஒரு விலையும் இல்லை, அதனால்தான் அவன் மேல் நமக்குக் கவலையும் வருவதில்லை.

வீட்டு ஆண்கள் பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கட்டும். சனிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் வருவார்கள், சில வாரம் வரமாட்டார்கள். வீட்டில் எத்தனை பேர் என்பதே வாரத்துக்கு வாரம் மாறும். "அப்பாவும் சித்தப்பாவும் வருவாங்கன்னு வெச்சிருக்கா, பாவம்" என்று அம்மா சமாளிப்பாள். வாசகரும் நம்புவார். அப்பாவும் சித்தப்பாவும் வந்து உட்கார்ந்த ராத்திரியிலும் இரண்டு கூடும்போதுதான் அந்தச் சமாளிப்பு உடையும்.

பள்ளிக்கூடத்தில் அவள் எண்ணினால் சரியாக வர வேண்டும். சத்துணவு வரிசையில் எத்தனை பேர் என்று அவளை எண்ணச் சொல்லுங்கள், ஒன்றுகூடத் தப்பாது. கணக்கில் அவள் கெட்டிக்காரி. வீட்டுக்கு வந்தால் மட்டும் இரண்டு கூடுகிறது. இதைப் படிக்கிற பத்து வயதுப் பிள்ளை தானே கேட்டுக்கொள்ளும், இவளுக்கு எண்ண வரவில்லையா, இல்லை அந்த வீட்டில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று. நீங்கள் ஒரு வரியும் விளக்க வேண்டாம்.

அப்புறம் அவளை மாமன் வீட்டுத் திருவிழாவுக்கு அனுப்புங்கள். அங்கே இலை போடச் சொன்னால் ஒன்று கூடட்டும். திரும்பி வந்து பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் மூன்று கூடட்டும். எதிர்வீட்டில் ஒன்றும் கூட வேண்டாம். இது தன் வீட்டு விஷயம் மட்டுமில்லை என்று அவளுக்குப் புரிகிற அத்தியாயம்தான் கதையின் நடு. நான் சொன்ன பாதி அதுதான்.

மற்ற பிள்ளைகளில் மறைகிறவளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவதாகப் பிறந்த பெண் என்பதால் வீட்டில் யாரும் அவளைத் தலை நிமிர்ந்து பார்ப்பதில்லை, யாரும் பார்க்காத நேரத்தில் அவள் மறைந்துபோகிறாள் என்று மாற்றினால் இந்தக் கதைக்குள்ளேயே பொருந்துவாள். கடைக்குட்டிக்கு மட்டும் அவள் எப்போதும் தெரிவாள். மூத்தவன், நரியோடு பேசுகிறவள், காய்ச்சல்காரன் மூன்று பேரையும் எடுத்துவிடுங்கள். வலிக்கும். வேறு நாவலுக்கு ஆகட்டும்.

ஊர் விஷயத்தில் சின்னதாக ஒன்று. "முத்துப் போன்ற பற்கள் தெரியச் சிரித்தார்கள்" என்று ஐந்து பேருக்கும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பக்கத்து நிலத்தடித் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். அதைக் குடித்து வளர்ந்த எத்தனையோ பேருக்குப் பல்லில் பழுப்புக் கறை இருக்கும், அதனால் வாயைக் கையால் மூடிச் சிரிப்பார்கள். 2013-ல்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. பெரிய அக்காவுக்குக் கறை, கடைக்குட்டிக்கு இல்லை என்று எழுதினால் வயசு வித்தியாசத்தைத் தனியாகச் சொல்ல வேண்டாம். பேச்சும் அப்படித்தான். வீட்டில் ஆயா என்று கூப்பிடுகிற பிள்ளைகளை "பாட்டியாரே" என்று பேச விட்டிருக்கிறீர்கள். வகுப்பில் பிள்ளைகள் சிரித்திருப்பார்களே?

நடுகல்லைப் பற்றி ஒரு அத்தியாயம் எழுதச் சொல்வேன். தருமபுரி அகழ்வைப்பகத்தில் வரிசையாக வைத்திருக்கிறார்கள், பள்ளிச் சுற்றுலாவாகக் கூட்டிப்போயிருப்பீர்கள். மாடு மீட்கப் போய்ச் செத்தவனுக்குக் கல் நட்டு, எந்த அரசன் காலம், யாருடைய ஆள், பேர் என்ன என்று வெட்டி வைத்திருக்கிறார்கள். காட்டோரத்தில் இன்னும் பல கற்களுக்கு வேடியப்பன் என்று பொங்கல் வைக்கிறார்கள். பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்ற ஊரில் ஒரு நடுகல், மகேந்திரவர்மன் காலத்தது, ஏறக்குறைய 1,400 வருஷம் பழசு. அதில் எஜமானனோடு ஒரு நாயும் இருக்கிறது. திருடர்களைக் கடித்துக் காவல் நின்ற நாய். கோவிவன் என்று அதன் பேரும் வெட்டியிருக்கிறது. உங்கள் கடைக்குட்டி அந்த மாதிரி ஒரு கல் முன்னால் நின்று, நாய்க்குக்கூடப் பேர் இருக்கிறதே என்று யோசிக்கட்டும். அதோடு நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் அவள் வாயால் எதையும் சொல்லவைத்தால் கெட்டுப்போகும். மறுநாள் களி உருண்டை இரண்டுக்கும் அவள் பேர் வைத்துக் கூப்பிட ஆரம்பித்தால், பாட்டி அதைக் கேட்டுவிட்டால், அதுவே உங்கள் உச்சக் காட்சி.

இனி இரண்டாவது கேள்வி.

எழுதலாம். ஆனால் இப்போது எழுதியிருப்பதைப் போல வேண்டாம். பாட்டி தன் இரண்டு மகள்களை மலைச் சூனியக்காரியிடம் கொடுத்துவிட்டாள் என்று மாற்றியிருக்கிறீர்கள். கடைசியில் சூனியக்காரி சாகிறாள், எல்லாம் சரியாகிவிடுகிறது. உங்கள் கடிதத்தில் சூனியக்காரி யாரும் இல்லை. வீட்டு மனிதர்கள்தான் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவர் இன்றைக்கும் உங்கள் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டுகிறார். பழியை வெளியாள் தலையில் கட்டிவிட்டால் நாவல் பொய்யாகிவிடும். அதற்காகப் பாட்டியையே சூனியக்காரி ஆக்குவதும் பொய்தான். அந்த முடிவை யார் எடுத்தார்கள்? மாமனாரா, புருஷனா, "மூணாவதும் பொட்டைப்பிள்ளையா" என்று வாசலில் நின்று கேட்ட சொந்தக்காரர்களா? பெற்று மூன்று நாளான ஒரு பெண்ணிடம் யாராவது கேட்டார்களா? வரதட்சணைப் பயம், காணி நிலம், ஆண்பிள்ளை ஆசை எல்லாம் அந்த வீட்டுப் பேச்சில் வரட்டும். பாட்டி செய்ததை நாவல் மன்னிக்க வேண்டியதில்லை. அவள் எந்த வீட்டில் அகப்பட்டிருந்தாள் என்பதைக் காட்டியாக வேண்டும்.

எப்படி நடந்தது என்பதை மட்டும் எழுத வேண்டாம். பெரியவர்களுக்கான நாவலாக இருந்தால் வேறு பேச்சு. பிள்ளைகளுக்கு, இரண்டு பேர் பிறந்தார்கள், அவர்களை இருக்க விடவில்லை என்பது போதும்.

இது உங்கள் வீட்டு ரகசியம் மட்டுமில்லை என்பது உங்களுக்கே தெரியும். 1992-ல் அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில் ஆரம்பித்தது. 2001-ல் தருமபுரி உட்பட வேறு சில மாவட்டங்களுக்கும் கொண்டுவந்தது. வளர்க்க முடியாது என்றால் எங்களிடம் கொடுங்கள் என்று தொட்டில் வைத்துக் கேட்கிற அளவுக்கு அது ஊரறிந்த விஷயமாக இருந்தது. அதனால்தான் பக்கத்துத் தெருவிலும் எண்ணிக்கை கூடட்டும் என்றேன். உங்கள் குடும்பத்தைத் தனியாக எடுத்து வைத்துக் காட்டாமல் இருக்கவும் அது உதவும். கதையில் ஊர்ப் பேரை மாற்றுங்கள், எத்தனை குழந்தைகள் என்பதை மாற்றுங்கள், யாருக்கும் யாருக்கும் நடுவில் என்பதையும் மாற்றுங்கள்.

அம்மாவிடம் போய், "நாவல் எழுதுகிறேன், என்ன நடந்தது சொல்லுங்கள்" என்று கேட்காதீர்கள். அவர் நாற்பது வருஷமாகச் சொல்லாததை ஒரு புத்தகத்துக்காகச் சொல்லவைக்க நமக்கு உரிமை இல்லை. என்றைக்காவது அவராகப் பேசினால் மகளாகக் கேட்டுக்கொள்ளுங்கள், நோட்டுப் புத்தகத்தை எடுக்காமல். புத்தகம் வெளிவருவதற்கு முன்னால் அவரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமா என்றால், ஆமாம். அச்சான பிறகு பக்கத்து வீட்டுக்காரர் வாயால் அவருக்குத் தெரியவரக் கூடாது. வேண்டாம் என்று அவர் சொன்னால் அவர் காலம் வரைக்கும் காத்திருக்கலாம். இது என் அபிப்பிராயம். எதையும் எழுத்தாளர் எழுதலாம் என்று சொல்கிற பதிப்பாசிரியர்களும் இருக்கிறார்கள்.

பிரதியில் காணாமல் போயிருக்கிற ஒரு ஆளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாட்டி இருக்கிறாள், பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். நடுவில் பிள்ளைகளின் அம்மா மொத்தத்தில் இரண்டு வரி வருகிறாள், அதுவும் கதவைத் திறந்துவிட. அந்த வீட்டில் இரண்டு பேருக்குப் பிறகு பிறந்து, ஏதோ காரணத்தால் இருக்க விடப்பட்ட பெண் அவள். தெரிந்தே வளர்ந்தவள். தட்டு கூடும்போதெல்லாம் "பாவம்" என்று சமாளிக்கிறவள். அவளுக்குள் என்ன ஓடுகிறது என்று ஒரு பக்கம்கூட இல்லை. ஏன் இல்லை என்று எனக்குப் புரிகிறது. ஆனாலும் அவளை எழுதாமல் இந்த நாவல் முடியாது, உங்களைத் தவிர வேறு யாராலும் அவளை எழுதவும் முடியாது. அவசரமில்லை. கடைசியில்கூட எழுதலாம்.

வகுப்பில் படித்துக் காட்டுவது பற்றி. முதல் பாதியைத் தாராளமாகப் படியுங்கள், ஜன்னல் பக்கம் திரும்புகிறார்களா என்று பாருங்கள். ஆனால் ரகசியம் தெரியவருகிற அத்தியாயத்தை வகுப்பில் சோதித்துப் பார்க்க வேண்டாம். நாற்பது பிள்ளைகளில் யார் வீட்டில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது. ஒரு பெண் வீட்டுக்குப் போய் ஆயாவிடம் அப்படியே கேட்டுவிட்டால், அன்று ராத்திரி அவளோடு நீங்கள் இருக்கப் போவதில்லை. புத்தகமாக வந்தபின் படிக்கிற பிள்ளை தன் வேகத்தில் படிக்கும், வேண்டாம் என்றால் மூடி வைக்கும். வகுப்பில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையால் அது முடியாது. அந்த அத்தியாயத்தைக் கூட வேலை செய்கிற இரண்டு ஆசிரியைகளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். உங்களைவிட வயதில் மூத்தவராக ஒருவர் இருந்தால் நல்லது.

நீளம் பாதியாகக் குறையும், குறையட்டும். ஒரு அத்தியாயம் சத்தமாகப் படித்தால் கால் மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். அச்சுக்குக் கொடுப்பதைப் பற்றி இப்போதே யோசிக்காதீர்கள். பணம் கட்டினால் ஒரு மாதத்தில் புத்தகம் என்று யாராவது வந்தால் இன்னும் யோசிக்காதீர்கள். எந்த ஒப்பந்தத்திலும் பதிப்புரிமை உங்கள் பேரில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். அரசுப் பள்ளியில் வேலை என்றால் புத்தகம் வெளியிடத் துறையில் அனுமதி வாங்க வேண்டுமா என்பதையும் தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். புனைபெயரில் வெளியிடுவதாக இருந்தாலும் கேட்டுவிடுவது நல்லது.